சென்னைக்கு விமானம்: நெல்லைக்காரர்களுக்கு வாகைக்குளமா, மதுரையா?

டிக்கெட் போடும் செயலியை மட்டும் பார்த்தால் மதுரைதான் ஜெயிக்கும். மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து சுமார் 530. பறக்கும் நேரமும் மதுரைக்குக் கொஞ்சம் குறைவு, விமானங்களும் அதிகம். ஆனால் நாம் வீட்டிலிருந்து அல்லவா கிளம்புகிறோம்!

பாளையங்கோட்டையில் காரில் ஏறி கேடிசி நகரைத் தாண்டினால் நான்கு வழிச்சாலை. வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலம், அப்புறம் வாகைக்குளம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். மதுரைக்கோ கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று 150 கிலோமீட்டர் போக வேண்டும். சாலை அருமையான சாலைதான், ஆனாலும் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். அங்கே நீங்கள் விமான நிலைய வாசலில் இறங்கும் நேரத்துக்கு, வாகைக்குளத்தில் ஏறியவர் வானத்தில் இருப்பார். டாக்சி வாடகையையும் டிக்கெட்டோடு கூட்டிப் பார்த்தால், மதுரையில் மலிவாகத் தெரிந்த விலை பல நாள் மலிவாக இருக்காது.

சரி, வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு 530 கிலோமீட்டர் பறக்க ஏன் ஒன்றரை மணி நேரம் ஆகிறது? இந்தத் தடத்தில் பழகிய விமானம் ஏடிஆர். இறக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம், 70 சொச்சம் பேர் உட்காரலாம், பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். பெரிய ஜெட் விமானமான ஏர்பஸ் மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டும். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது, அதனால் பெரிய கைப்பெட்டியை நம்பி ஏறாதீர்கள்.

முன்பு ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது, பெரிய விமானம் வர வழியே இல்லை. இப்போது 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்துவிட்டார்கள். இனி இங்கிருந்து ஏர்பஸ் சேவையை நாம் உரிமையோடு கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அது வந்துவிட்டால் பறக்கும் நேரத்தில் மதுரைக்கு இருக்கும் சின்ன அனுகூலமும் இன்னும் குறைந்துவிடும்.

வந்தே பாரத்தை விட்டுவிட முடியாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய ரயில், சுமார் 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் முடிக்கிறது. வாகைக்குளம் வழியாக, காத்திருப்பையும் சேர்த்து, நாலு மணி நேரத்தை ஒட்டிச் சென்னையில் இறங்கலாம். பகலில் அவசர வேலை என்றால் விமானம். குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன்.

மதுரையை நான் சொல்லும் சமயங்களும் உண்டு. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதுவும் கைக்கெட்டிய தூரம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களிலும் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை–தூத்துக்குடி சாலையே துண்டிக்கப்பட்டது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் கதை வேறு. அவர்களில் தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம்தான் வசதி.