வருஷத்துப் படங்களுக்கு லே-ஃபிளாட் போட்டோ புக்: போட்டுப் பார்த்ததில் தெரிந்தது

வருஷக் கடைசியில் எங்கள் போட்டோ நண்பர்கள் கூடி, அவரவருக்குப் பிடித்த படங்களைக் காட்டிக்கொள்வோம். இதுவரை மொபைல்தான் கைமாறும். பார்க்கிறவர் விரல் ஒரு படத்திலும் நிற்காது. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினாலோ படம் சுருங்கி, இறகு நுணுக்கமெல்லாம் மழுங்கிவிடும். அதனால் இந்த முறை பத்துக்குப் பத்து அங்குலத்தில் ஒரு லே-ஃபிளாட் புத்தகம் போட்டேன்.

முதலில் பைண்டிங். சாதாரணப் போட்டோ புக்கில் நடுப்பகுதியைத் தையல் விழுங்கிவிடும். இதில் தாள் மேசையில் தட்டையாகப் படுக்கிறது, கடற்கரைப் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட முடிந்தது. நடு மடிப்பில் மெல்லிய கோடு தெரியத்தான் செய்கிறது. அங்கே கண்ணோ முகமோ வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நிஜப் போட்டோ பேப்பரா, டிஜிட்டல் பிரஸ்ஸா (மெஷினில் மையால் அச்சடிப்பது)? பிரஸ்ஸில் அச்சிட்டதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். போட்டோ பேப்பர் ஒளிபட்டு, கெமிக்கலில் கழுவி வருவதால் நிறம் இழைந்து ஓடும். நான் எடுத்தது போட்டோ பேப்பர். அந்தி வானத்தில் ஆரஞ்சு நீலமாக மாறும் இடத்தில் ஒரு பட்டைகூட விழவில்லை. அதிகம் பளபளக்காத லஸ்டர் ஃபினிஷ் கேட்டு வாங்கினேன். பத்துப் பேர் கை படும் புத்தகத்துக்கு கிளாஸி வேண்டவே வேண்டாம், விரல்ரேகைதான் மிஞ்சும்.

ஸ்கிரீன் தானே ஒளிர்வது, தாள் அப்படியில்லை. ஆகவே நிழல் பகுதிகளை அரை ஸ்டாப் தூக்கி, அதாவது கொஞ்சம் வெளிச்சமாக்கித்தான் அனுப்பினேன். ஃபைல்கள் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற அமைப்பில் உள்ளதை அப்படியே ஏற்றினால் பல இடங்களில் நிறம் வெளிறி வரும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் ஒரு பக்கத்துக்கு 3000 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா 6000-க்கு 4000 தருவதால் கவலையில்லை. தூரத்து மீன்கொத்தியை வெட்டி எடுத்த படம் மட்டும் 1500 பிக்சல் அகலம்தான் தேறியது. அதை ஐந்து அங்குலத்தில் நிறுத்தி, சுற்றிலும் வெள்ளை விட்டேன். புத்தகத்திலேயே அழகான பக்கம் அதுதான் என்பேன்.

புத்தகம் அச்சிட்டுத் தருபவர்களுடைய சாஃப்ட்வேர் சுமார் ரகம். ஆட்டோ-ஃபில் என்ற பொத்தான் நீள்சதுரமான 3:2 படங்களைச் சதுரமாக்கித் தலையை வெட்டுகிறது, தொடாதீர்கள்.

பெரிய குறை கறுப்பு-வெள்ளையில். கலர் பேப்பரில் அடிப்பதால் சாம்பல் நிறங்களில் லேசான பச்சை ஏறிவிட்டது. பொதுவாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் பக்கத்தைத் திருப்பியதுமே ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார், குறையை நான் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

நான் நினைத்துப் பார்க்காத லாபம் எதிரெதிர்ப் பக்கங்களில் கிடைத்தது. இடப்பக்கம் காற்றில் திரும்பிப்போன கறுப்புக் குடை, வலப்பக்கம் சிறகு விரித்த காக்கை. தனித்தனியாக இரண்டும் சுமாரான படங்கள்தான், ஆன்லைனில் போட்டபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. சேர்த்து வைத்ததும் பேச்சு அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. குடையை வலப்பக்கம் வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம். அப்பர்ச்சர், ஷட்டர் போன்ற கேமரா செட்டிங் விவரங்களைப் படத்தடியில் போடாமல் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியதும் நல்லதாயிற்று. இல்லாவிட்டால் நம் ஆட்கள் படத்தை விட்டுவிட்டு எண்களைப் படிப்பார்கள்.

இருபது, இருபத்தைந்து படங்களோடு நிறுத்திக்கொள்ள மனசு வருகிறவர்கள் தாராளமாகப் போடலாம். நூறு படமும் வேண்டுமென்றால் இது சரிப்படாது. போட்டோ பேப்பரை அட்டைபோல ஒட்டிச் செய்வதால் பக்கம் கூடக் கூடப் புத்தகம் கனத்துவிடும். கறுப்பு-வெள்ளையை மட்டும் அடுத்த முறை தனி பிரிண்ட்டாகப் போட்டு, ஓர் உறையில் வைத்துக் கூடவே கொடுப்பதாக இருக்கிறேன்.