கேள்வி யாருடையது?

சின்னப் பிள்ளைகளுக்குச் சிந்திக்கக் கற்றுத்தர நினைக்கும் பள்ளிக்கு முன்னால் இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று, தத்துவப் பேராசிரியர் மேத்யூ லிப்மனுடையது. கல்லூரிக்கு வந்தபிறகு தர்க்கம் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்று அவருக்குத் தோன்றியது. 1974-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், குழந்தைகளுக்கான தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். மற்றது, 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த தில்லி அரசுப் பள்ளிகளின் மகிழ்ச்சி வகுப்பு. எட்டாம் வகுப்பு வரை இருந்தது, தேர்வு கிடையாது.

இரண்டிலும் கதை உண்டு, பேச்சு உண்டு. தில்லியில் பிள்ளைகள் கொஞ்ச நேரம் கண்மூடி மூச்சைக் கவனிப்பார்கள். கதைக்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்விகள் ஆசிரியர் கையேட்டிலேயே இருக்கும். லிப்மன் வழியில் வட்டமாக உட்கார்ந்து கதை படித்ததும் பிள்ளைகளே கேள்வி எழுப்ப வேண்டும். நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா என்று ஒரு வாண்டு கேட்டால் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. “ஏன் அப்படி நினைக்கிறாய்? இவள் சொன்னதை ஒத்துக்கொள்கிறாயா?” என்று கேட்டுக்கொண்டே போகலாம், அவ்வளவுதான். சொல்ல எளிது. ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று!

சரி, பலன்? இங்கிலாந்தில் 48 தொடக்கப் பள்ளிகளில் லிப்மன் முறையைச் சோதித்து 2015-இல் அறிக்கை வந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு மாதப் படிப்பு அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். கொண்டாடினார்கள். அப்புறம் கிட்டத்தட்ட 200 பள்ளிகளில் பெரிதாகச் சோதித்தபோது, 2021 அறிக்கையில் வாசிப்பில் அந்த முன்னேற்றத்தைக் காணவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. காரணம் கேட்கப் பழகிய குழந்தையை வாசிப்பு மதிப்பெண்ணால் அளந்ததுதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

பயிற்சி இல்லாத ஆசிரியர், நெரிசலான வகுப்பு என்றால் தில்லி வழிதான் நடக்கும். கையேடு கைப்பிடித்துக் கூட்டிப்போகும். வீட்டுச் சண்டையை மனதில் சுமந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சில நிமிட அமைதியும் பெரிய விஷயம். ஆனால் சிந்தனைதான் வேண்டும் என்றால் என் ஓட்டு லிப்மனுக்கு. வாரம் ஒரு வகுப்பு போதும், இருபது பிள்ளைகள் இருந்தால் நல்லது. முதல் சில வாரங்கள் யாரும் கேள்வியே கேட்கமாட்டார்கள். ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும்.