சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 5ஏ: வாங்கி எட்டு மாதம் ஆன பிறகு

முதலில் பழைய கேமரா வீணாய்ப் போன கதை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வைகைக்குள் கூட்டத்தோடு நின்று லென்ஸை நீட்டுவதும் மடக்குவதுமாக நானூறு படம் எடுத்தேன், லென்ஸ் உள்ளே போகும்போதெல்லாம் ஆற்றுப் புழுதியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அதற்குப் பிறகு நான் எடுத்த எல்லா வானத்திலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி. சின்ன கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது, நாமாகத் துடைக்க வழியில்லை. சர்வீஸுக்குக் கேட்ட காசில் பாதி கேமரா வாங்கிவிடலாம்.

சரி, புதுசு பார்ப்போம் என்று ஒரு கடைக்குப் போனால், விற்கிற தம்பி எடுத்ததுமே "சார், இது 40 எக்ஸ் ஜூம்" என்றார். அவரைச் சொல்லி என்ன, அட்டையில் அதைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அந்த வகைக் கேமராக்களில் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் பெரும்பாலும் 1/2.3 இஞ்ச்தான் இருக்கும், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. 1 இஞ்ச் என்று பேர் வாங்கிய சென்சாரும் நிஜத்தில் 13.2 x 8.8 மி.மீ.தான் (அந்தக் காலத்து வீடியோ குழாய்க் கணக்கை இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள்), ஆனாலும் பரப்பு நாலு மடங்கு. பொழுது சாய்ந்த பிறகு படமெடுப்பவருக்கு இதுதான் முக்கியம், மெகாபிக்சல் எல்லாம் அப்புறம்.

நண்பனிடம் ரிக்கோ ஜிஆர்3 இருந்தது. 257 கிராம், ஏபிஎஸ்-சி எனும் இன்னும் பெரிய சென்சார், ஜூம் இல்லாத 28 மி.மீ. லென்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிக்கொண்டு கீழக்குயில்குடி போனேன். செட்டிப்புடவு குகைக்குள் இருக்கும் சமணச் சிற்பங்களை அது எடுத்த மாதிரி நான் வைத்திருந்த எதுவும் எடுத்ததில்லை, கல்லின் சொரசொரப்பு கூடத் தெரிந்தது. ஆனால் மலைமேல் ஏறிக் கீழே அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் பார்க்கும்போது ஜூம் இல்லையே என்று கை பரபரத்தது. ஃபியூஜி எக்ஸ்100விஐ 521 கிராம், அது தோள்பைக்குத்தான், சட்டைப் பைக்கு ஆகாது.

கடைசியில் போட்டி சோனி மார்க் 5ஏ-வுக்கும் மார்க் 7-க்கும் என்று வந்து நின்றது. இரண்டிலும் அந்த 1 இஞ்ச் சென்சார்தான், எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், 300 கிராம் பக்கம். மார்க் 7-இல் ஜூம் 24-200 மி.மீ., லென்ஸ் துவாரம் எஃப்/2.8-4.5, 5ஏ-வில் 24-70 மி.மீ., எஃப்/1.8-2.8 (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). எல்லாரும் 200-ஐத்தான் சொன்னார்கள். அரிட்டாபட்டி வல்லூறுக்கு 200-உம் காணாது, அது 400, 600 கேட்கும் வேலை. ஆனால் திருமலை நாயக்கர் மகாலில் முற்றத்து வெயில் கண்ணைக் கூச, தூண் வரிசைக்குப் பின்னால் அரையிருட்டு. அங்கே எஃப்/1.8 என்றால் எஃப்/2.8-ஐ விட இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. 5ஏ-வைப் பழையதாக வாங்கினேன். 1/15 நொடி வரை கையிலேயே பிடித்து எடுக்கிறேன், தூணின் சுதை வேலைப்பாடு ஈஷிக்கொள்வதில்லை. போனில் எடுத்தால் அதுவாகவே மெழுகி விடுகிறது. உச்சி வெயிலில் எஃப்/1.8 வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது, அது மார்க் 7-இல் கிடையாது.

குறைகளும் உண்டு. திரையில் தொட்டு ஃபோகஸ் செய்ய முடியாது. பேட்டரி கணக்குப்படி 220 படம்தான், தெப்பக்குளத்தில் விளக்கு போடும் நேரம் வரை தாங்க இன்னொன்று பையில் இருக்க வேண்டும். தூசிக்கும் தண்ணீருக்கும் காப்பு எதுவும் இல்லை, அதனால் இப்போது புழுதி இருக்கிற இடத்தில் ஜிப் கவரை விட்டு எடுப்பதே இல்லை. அப்புறம் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனும் கேமராவும் விடமாட்டார்கள், வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பழையது வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் கடை வாசலுக்கு வந்து, எஃப்/11 வைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் பார்த்த முதல் இரண்டு கேமராவிலும் புள்ளி இருந்தது.