ஏ.சி. ஆன் ஆகாத காரும் ஒரு மல்டிமீட்டரும்

இந்த மல்டிமீட்டர் என் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வோல்ட், ஓம், ஆம்ப் அளக்கிற கருவி; மஞ்சள் உறை போட்ட, நடுவில் பெரிய திருகு குமிழ் உள்ள சாதாரண டிஜிட்டல் வகைதான். கார் வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் இது ஒன்று இருக்கவேண்டும் என்பேன். ஏன் என்று சொல்கிறேன், குறைகளையும் சேர்த்தே.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. வெயிலில் ஏ.சி. இல்லாமல் அவரைக் காரில் உட்காரவைக்கவே முடியாது. அப்படிப்பட்ட ஒரு மதியத்தில்தான் ஏ.சி. நின்றது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ப்ளோயரும் ஓடுகிறது, வருவதெல்லாம் அனல். ஒரு பட்டறையில் காட்டினேன். எதையும் அளந்து பார்க்காமல், "காஸ் தீர்ந்துடுச்சு சார், போட்டா சரியாயிடும்" என்றார்கள். போட்டார்கள், ஏ.சி.யும் ஓடியது. மூன்றாம் நாள் மதியம் மறுபடி அதே அனல்.

காஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. இது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். அந்தக் கோபத்தில்தான் இந்த மீட்டரை வாங்கினேன்.

முதலில் காதைத் தீட்டிக்கொண்டேன். என்ஜின் ஓடும்போது ஏ.சி. பட்டனை அழுத்தினால் கம்ப்ரஸர் கிளட்ச் (காஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரஸரை என்ஜின் பெல்ட்டோடு இணைக்கிற மின்காந்தம்) ஒட்டுகிற 'டக்' சத்தம் கேட்கவேண்டும். கேட்கவில்லை. (கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உள்ள புது வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.) ஃப்யூஸ் நன்றாக இருந்தது. என்ஜினை நிறுத்தி கிளட்ச் காயிலின், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச்சுருளின், மின்தடையை ஓமில் பார்த்தேன்: 4.2. மீட்டர் ஒயர்களின் நுனியில் இருக்கிற புரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் மீட்டர் 0.4 காட்டுகிறது, அது ஒயரின் கணக்கு. கழித்தால் 3.8. காயில் அறுந்துபோகவில்லை.

அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, கம்ப்ரஸர் கனெக்டரைக் கழற்றி வோல்ட் பார்த்தேன். 13.9. கரண்ட் முழுசாக வருகிறது, காயிலும் சரி, அப்படியானால் கம்ப்ரஸர்தான் போய்விட்டது என்று மனசு விட்டுப்போனது. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு சந்தேகம். கனெக்டரைத் திரும்ப மாட்டி, பின்பக்கம் ஒயர் நுழைகிற இடத்தில் ஒரு குண்டூசியைச் செருகி, அதில் புரோப்பை வைத்தேன். 7.6! கழற்றினால் 13.9, மாட்டினால் 7.6. கிளட்ச் கரண்ட் இழுக்காதவரை எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிகிறது. இழுக்க ஆரம்பித்ததும் வழியில் எங்கோ ஆறு வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடுகிறது. அந்த மிச்ச கரண்டுக்கு கிளட்ச் ஒட்டவே இல்லை.

வழியில் இருப்பது ரிலே, கிளட்ச்சுக்குப் போகிற கரண்டைப் போட்டு நிறுத்துகிற மின் ஸ்விட்ச். தொட்டால் கை சுட்டது. பக்கத்திலேயே அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இரண்டையும் இடம் மாற்றினேன். மறுபடி ஸ்டார்ட் செய்து பட்டனை அழுத்தியதும் 'டக்'. பழைய ரிலேயின் மூடியை நெம்பிப் பார்த்தால், உள்ளே தொடுமுனை கறுத்துக் குழி விழுந்திருந்தது. சில நேரம் ஒழுங்காகத் தொட்டு, சில நேரம் தொடாமல் இருந்திருக்கிறது. காஸ் போட்ட அன்று ஓடியதற்கும் அதுதான் காரணமாக இருக்கவேண்டும். புது ரிலே மாட்டியபின் அதே குண்டூசியில் 13.7. இன்றுவரை ஏ.சி. நிற்கவில்லை.

ரிலேக்குள்ளும் ஒயருக்குள்ளும் நடப்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுகிறது இந்த மீட்டர். வெறும் பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பில் 'எரிகிறது, எரியவில்லை' என்று தெரியும். வெளிச்சம் கொஞ்சம் மங்கினால்கூடக் கவனிக்கலாம், எண் தெரியாது. எனக்கு வழி காட்டியது அந்த எண்.

இனி குறைகள். கூடவே வருகிற புரோப் ரொம்பத் தடிமன், கனெக்டரின் பின்பக்கம் நுழையவே நுழையாது. ஒயரும் குட்டை, பானட்டுக்கு அடியில் மீட்டரை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருமுறை பெல்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அது பெரிய தப்பு, ஓடுகிற பெல்ட்டும் திடீரென்று சுற்றத் தொடங்குகிற ரேடியேட்டர் ஃபேனும் ஒயரையும் இழுக்கும், கையையும் இழுக்கும். திரை விளக்கு சில நொடியில் அணைந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, கரண்டை அளக்கிற 10 ஆம்ப் துளைக்கு உள்ளே ஃப்யூஸ் இல்லை. சிவப்பு ஒயரை அதில் மாட்டிய ஞாபகமே இல்லாமல் பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்தான். காசு கொஞ்சம் கூடப் போனாலும் அந்தத் துளைக்கும் ஃப்யூஸ் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

காஸ் அழுத்தத்தை இது அளக்காது, அதற்குத் தனி கேஜ் வேண்டும். காஸ் உண்மையிலேயே குறைந்திருந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது, அந்தச் சந்தேகம் வந்தால் கேஜ் மாட்டிப் பார்க்கிற ஆளிடம்தான் போகவேண்டும். ஆனால் போகும்போது, "கிளட்ச்சுக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்க முடிகிறது. போன வாரம் தம்பி வண்டிக்காக ஒரு பட்டறையில் அப்படிக் கேட்டேன். அந்தப் பையன் காஸ் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, மீட்டரை எடுத்துவந்தான்.