பே ஏரியாவின் நிலத்தடி மாதிரி: காசு வேண்டாம், பொறுமை வேண்டும்

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் வீடு தேடும் நம்மாட்கள் நிலநடுக்கம் கிளம்பக்கூடிய ஹேவர்ட் பிளவு எத்தனை மைல் தள்ளி என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். தூரம் மட்டும் ஏன் போதாது என்று தெரிய வேண்டுமானால், அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் இலவசமாகத் தரும் முப்பரிமாண நிலத்தடிக் கணினி மாதிரியைக் கொஞ்சம் நோண்டிப் பாருங்கள்.

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள நிலத்தை 45 கிலோமீட்டர் ஆழம் வரை கட்டம் கட்டமாகப் பிரித்து, எங்கே என்ன பாறை, அடர்த்தி எவ்வளவு, நிலநடுக்க அலை அதற்குள் என்ன வேகத்தில் ஓடும் என்று எண்களாக வைத்திருக்கிறார்கள். கெட்டிப் பாறையில் வேகமாக வரும் அலை, வண்டலுக்குள் நுழைந்ததும் மெதுவாகிறது. மெதுவானால் அலையின் வீச்சு கூடும், அதாவது ஆட்டம் அதிகம். 1906 நிலநடுக்கத்தில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருந்த சாண்டா ரோசாவின் மையப்பகுதி நொறுங்கிப்போனதே, அந்த ஊருக்கு அடியில் வண்டல் படுகையின் விளிம்பு இருக்கிறது. இதைச் சாதாரண வரைபடத்தில் பார்க்க முடியாது, இங்கே ஆழம் ஆழமாக இறங்கிப் பார்க்கலாம். எனக்குப் பிடித்ததே இதுதான்.

சரி, பயன்படுத்துவது எப்படி? ஜியோமாடல்கிரிட்ஸ் என்ற கருவியை நிறுவி, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் பதில் எண்களாக வரும். கட்டளை தட்டிப் பழகாதவர்களுக்கு முதல் நாளே வெறுத்துப்போகும். தீர்க்கரேகையை முதலில் போட்டால் புள்ளி கலிஃபோர்னியாவிலேயே இருக்காது, மைனஸில் ஒரு ராட்சத எண் வரும்; அப்படியென்றால் அங்கே தரவு இல்லை என்று அர்த்தம்.

இது நிலநடுக்கம் எப்போது வரும் என்று சொல்லாது. என் வீட்டுக்கு அடியில் என்ன என்று கேட்டாலும் ஓரளவுக்குத்தான், ஏனென்றால் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கும் அளவுக்குக் கட்டங்கள் சிறியவை அல்ல. 1989 நிலநடுக்கத்தில் அதன் மையத்திலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி சான் பிரான்சிஸ்கோவின் மெரினா பகுதியில் வீடுகள் சாய்ந்ததற்குக் காரணம் கொட்டி நிரப்பிய மண். அந்த மாதிரி சமாச்சாரத்துக்குக் கலிஃபோர்னியா நிலவியல் துறையின் நிலநடுக்க அபாய மண்டல வரைபடம்தான் சரி, முகவரி போட்டாலே போதும்.

பொறியியல் மாணவர்கள், பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். ஐந்துக்கு நான்கு. படத்தையும் நாமே வரைந்துகொள்ள வேண்டியிருப்பதற்காக ஒன்று குறைத்தேன்.