ஓப்பன் ஸ்டூடியோ போயிட்டு வந்தோம், கண்டிப்பா போங்க

ஆர்ட்டிஸ்டுங்க அவங்க வேல செய்யுற இடத்தையே ரெண்டு நாள் எல்லாருக்கும் திறந்து விடுவாங்கல்ல, அதுக்கு இந்த வாட்டி ஃப்ரெண்டோட போனேன். அஞ்சு ஸ்டூடியோ பாக்கலாம்னு கிளம்பி மூணுதான் பாக்க முடிஞ்சுது, ஏன்னா முதல் இடத்துலயே ஒன்றரை மணி நேரம் ஓடிடுச்சு, அதுல எனக்கு துளிகூட வருத்தம் இல்ல.

அந்த முதல் இடம் லினோகட் பண்றவங்களோடது. லினோலியம்னு தரைல விரிக்கிற மாதிரி ஒரு ஷீட்ட சின்ன உளியால செதுக்கி, அது மேல இங்க் தடவி பேப்பர்ல அழுத்துவாங்க, செதுக்குன எடம் பேப்பர்ல வெள்ளையா வரும், விட்ட எடத்துல மட்டும் இங்க் ஒட்டும், எழுத்து இருந்தா கண்ணாடில தெரியுற மாதிரி திருப்பித்தான் செதுக்கணும். கண்ணாடிப் பலக மேல இங்க்க ரோலரால உருட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் சும்மா பாத்துட்டு நின்னேன், என் ஃப்ரெண்டுதான் "எப்போ போதும்னு எப்படிங்க தெரியும்?"னு கேட்டா. "சத்தத்த வச்சுதான்"னாங்க. குனிஞ்சு கேட்டா, முதல்ல சளக் சளக்னு இருந்தது இங்க் மெல்லிசா பரவப் பரவ சுர்ர்ருன்னு ஒரே சீரா மாறுது. "ஏய் கேளுடி"ன்னு என் கையப் புடிச்சு இழுத்தா அவ.

அங்க ஒரு நாலு கலர் பிரிண்ட் இருந்துச்சு, நாலு கலரும் ஒரே பிளாக்ல, அதாவது செதுக்குன ஒரே ஷீட்ல அடிச்சதாம். ஒரு கலர் எல்லா பேப்பர்லயும் அடிச்சு முடிச்சதும் அதே பிளாக்க இன்னும் கொஞ்சம் செதுக்கி அடுத்த கலர், இப்படியே போனா கடைசி கலர் வரும்போது முதல் கலருக்கு இருந்த வடிவமே போயிருக்கும், திரும்ப அடிக்கவே முடியாது. கீழ பென்சில்ல 4/15னு எழுதியிருந்தது அப்பதான் புரிஞ்சுது, மொத்தமே பதினஞ்சு, இது நாலாவது. வெலையப் பாத்து முதல்ல தயங்கினேன், இத கேட்டதும் வாங்கிட்டேன்.

அடுத்தது மண்பாண்ட ஸ்டூடியோ. பக்கெட்ல வெளிறிப்போன ரோஸ் கலர்ல இருந்த க்ளேஸ் (பாண்டத்து மேல பூசுற பளபளப்புப் பூச்சு), சூளைல வெந்ததும் ஆழமான நீலமா வருதாம், கோபால்ட் கலந்திருக்கறதால. நம்பவே முடியல. அவங்க பொறுமையா பதில் சொன்னாங்க, களிமண்ண தொட்டுப் பாக்கவும் விட்டாங்க.

மூணாவது ஆயில் பெயிண்டிங் ஸ்டூடியோ, இங்கதான் எனக்கு கொற. படங்க அருமை, ஆனா வெல எங்கயும் எழுதல, கேட்டா "எது வேணும்னு சொல்லுங்க, பாக்கலாம்"னு இழுக்கறாங்க, அப்படி இருந்தா யாருக்குங்க வாங்கத் தோணும்? அதவிட, ஈரப் படத்த நடக்குற வழியிலயே வச்சிருந்தாங்க. ஆயில் பெயிண்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயாது, எண்ணெய் காத்தோட சேந்துதான் மெதுவா இறுகும், மேல காயவே நாள் கணக்காகும். கூட்டத்துல என் ஃப்ரெண்டோட துப்பட்டா படத்தோட ஓரத்துல உரசி ஒரு கோடு இழுத்துடுச்சு. அவ கண்ணு கலங்கிப் போச்சு. ஆர்ட்டிஸ்ட் கோவப்படல, "ஈரமாதானே இருக்கு, நாளைக்கு சரி பண்ணிடுவேன்"னு அவளத்தான் சமாதானப்படுத்தினாங்க, அந்த மனசு பெரிசு. ஆனாலும் குறுக்க ஒரு கயிறு கட்டியிருக்கணும்.

போறவங்க காலைலயே போயிடுங்க, கேள்வி கேக்க கூச்சப்படாத ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க, பெரிய பேக் வேணாம். வாங்குன பிரிண்ட்ட இன்னும் மாட்டல, நேரா வெயில் படாத செவுரா தேடிட்டிருக்கேன்.