கோத்தகிரியில் கடல் ஓங்கல் வகுப்பும் கோடநாடு நடையும்

கோத்தகிரியில் உள்ள ஒரு சிறிய தங்கும் விடுதி, சனிக்கிழமை மாலையில் கடல் ஓங்கல்களை, அதாவது கடலோரச் செங்குத்துப் பாறைகளைப் பற்றிய படக்காட்சி வகுப்பையும், மறுநாள் காலையில் கோடநாடு காட்சிமுனைக்கு ஒரு நடையையும் நடத்துகிறது. மலைக்கு வந்தவர்களுக்குக் கடலைப் பற்றி எதற்கு வகுப்பு என்ற தயக்கத்துடன்தான் சேர்ந்தேன். இரண்டையும் முடித்த பிறகு, நீலகிரியில் நான் பணம் கொடுத்துப் பெற்ற சேவைகளில் இதுவே சிறந்தது என்று சொல்வேன்.

தமிழகக் கடற்கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்கரை என்பதால், ஓங்கல் என்பது நம்மில் பலருக்குப் பாடநூலில் பார்த்த படம் மட்டுமே. வழிகாட்டி நமக்கு அருகில், கேரளக் கடற்கரையில் உள்ள வர்க்கலாவிலிருந்து தொடங்கினார். அங்கே மேலே செம்புரைக்கல்லும் கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருப்பதால், மழைநீர் மேலடுக்கின் வழியே இறங்கி, களிமண்ணில் தடைப்பட்டு, பாறைமுகத்தில் ஊற்றாகக் கசிகிறது. வெளியே அலை அடியை அரிக்க, உள்ளே நீர் மண்ணைத் தளர்த்த, ஓங்கல் சரிந்து சரிந்து பின்வாங்குகிறது. அலை வெறுமனே மோதுவதில்லை, வெடிப்புக்குள் காற்றை அடைத்து நெருக்குகிறது, கூழாங்கற்களை வாரி எறிந்து தேய்க்கிறது என்று அவர் விளக்கிய பகுதி அருமை. அடியில் குடைவு விழுகிறது, மேற்பகுதி தாங்கலின்றி இடிகிறது, பின்வாங்கிய இடத்தில் அலை அரிமேடை என்ற தட்டையான பாறைத்தளம் எஞ்சுகிறது. நிலமுனையின் இருபுறக் குகைகளும் துளைத்துச் சந்தித்தால் கடல் வளைவு. அதன் கூரை விழுந்தால் கடல் தூண். மால்டாவின் புகழ்பெற்ற கடல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்ததற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அடுத்தடுத்துக் காட்டியபோது அறையே அமைதியானது.

அயர்லாந்தின் மோஹர் ஓங்கல் 214 மீட்டர் உயரம் வரை எழுகிறது. அத்தகைய வடபகுதிக் கடல்களின் ஓங்கல் விளிம்புகளில் கில்லிமாட் பறவை கூடு கட்டாமல் வெறும் பாறையிலேயே ஒற்றை முட்டையிடுகிறது; அதன் குஞ்சு, முழுமையாகப் பறக்கக் கற்பதற்கு முன்பே, மூன்று வார வயதில் கடலை நோக்கிக் குதித்துவிடுகிறது. இதைக் கேட்டதிலிருந்து, ஓங்கலை நான் வெறும் கல்லாக நினைப்பதில்லை.

மறுநாள் கோடநாட்டில் பனிமூட்டம் விலகி, கடல் தூண் போலவே தனித்து நிற்கும் ரங்கசாமி தூண் என்ற பாறை தெரிந்ததும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "ஏனுங்க தம்பி, அப்ப இங்கயும் முன்னே கடல் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி அது. இல்லை என்று வழிகாட்டி நேராகச் சொன்னார். இது 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள சார்னோகைட், பல்லாவரத்தில் கிடைக்கும் அதே இனக் கல். அதன் வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் நெடுங்காலம் சிதைத்துக் கழுவியதில், உறுதியான பகுதி தனித்து நிற்கிறது என்றார். உருவம் ஒன்றாக இருந்தாலும் செதுக்கிய கை வேறு என்பதைக் கண்ணெதிரே காட்டியதுதான் இந்த நடையின் பெருமதிப்பு.

குறைகளும் உண்டு. படங்களின் விளக்கங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. ஓங்கல், அலை அரிமேடை, கடல் தூண் என்று நம் பள்ளிப் பாடநூல்களில் நல்ல சொற்கள் இருக்கும்போது, வந்திருந்த பிள்ளைகள் திரையைப் படிக்க முடியாமல் விழித்தது எனக்கு வருத்தமளித்தது. நடைக்கு இருபது பேருக்கு மேல் சேர்த்ததால், பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை. மோயாற்றுப் பக்கத்துப் பாறைமுகங்களில் கூடு கட்டும் கருங்கழுத்துப் பாறுகள் என்ற பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றியும், பெருந்தேனீக்களின் அடைகளை எடுக்க கொடிக் கயிற்றில் இறங்கும் குறும்பர் பழங்குடியினரைப் பற்றியும் இரண்டே வரிகளில் முடித்தது போதாது. கில்லிமாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியாவது பாறுக்கும் கொடுத்திருக்க வேண்டும். போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் கோடநாட்டை அடையும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சென்ற நாளில் பத்து மணிக்கெல்லாம் பனிமூட்டம் திரும்பி வந்து தூணை மூடிவிட்டது.